செக்கிங் மேசைக்குக் கணினிவழிப் பயிற்சி: ஒரு பனியன் கம்பெனி எங்கே தொடங்கி எப்படி நடத்துவது

திருப்பூர் பனியன் தொழிலில் வேலை கற்பது என்பது நெடுங்காலமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பதாகவே இருந்துவந்திருக்கிறது. கைமடியாகச் சேர்ந்தவர் டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, அடித்த பீஸை மடித்து அடுக்கி, சாப்பாட்டு இடைவேளையில் காலியாகக் கிடக்கும் ஓவர்லாக் மெஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்த்து, காலப்போக்கில் தாமும் டெய்லரானார். செக்கிங் வேலைக்கு வந்த பெண்களும் மூத்தவர் ஒருவரின் மேசையில் நின்றே டேமேஜ் எது, நல்ல பீஸ் எது என்று பிரித்தறியக் கற்றார்கள். இந்த முறையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது நிதானத்தையும், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் பொதுவான ஒரு மொழியையும் நம்பியிருந்தது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களோடு ஒரே லைனில் அமர்ந்திருக்கிறார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்புவதில்லை. அவர்களுடைய இடத்துக்கு வருபவர்களுக்கு அதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே விஷயத்தைச் சலிப்பின்றி, தரம் குறையாமல், பல மொழிகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலையைத்தான் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி, நூறு முதல் முந்நூறு பேர் வேலை செய்யும், பயிற்சிக்கென்று தனித் துறை இல்லாத, ஒரு பணியாளர் அலுவலரும் ஒரு தர மேலாளரும் மட்டுமே இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனியை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக செக்கிங் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அங்கே செய்யப்படும் வேலையின் பெரும்பகுதி கண்ணால் பார்த்து முடிவெடுப்பது. கணினித் திரையும் கண்ணுக்குத்தான் வேலை கொடுக்கிறது.

எதைக் கணினியிடம் விடலாம்

கணினியில் கற்பிக்கத் தக்கது எது என்பதைத் தீர்மானிக்க, அந்த வேலையில் தவறு நேர்வது அறியாமையாலா, கைப்பழக்கம் போதாமையாலா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் நூல் எந்தெந்த வழியாகப் போக வேண்டும், ஊசி மாற்றுவதற்கு முன் எதை நிறுத்த வேண்டும், ஊசி உடைந்தால் துண்டுகளை எடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பவையெல்லாம் அறிவு சார்ந்தவை. இவற்றைத் திரையில் காட்டிக் கேள்வி கேட்டுக் கற்பிக்கலாம். பெடலை எவ்வளவு அழுத்துவது, சிங்கிள் ஜெர்சித் துணி இழுபடாமல் கழுத்து ரிப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பவற்றைக் கைதான் கற்க வேண்டும். பெடலை எத்தனை முறை வீடியோவில் பார்த்தாலும் காலுக்கு அந்த அழுத்தம் தெரியவராது.

கைவேலையைக் கற்பிக்க, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கப்பட்ட நான்கு படி முறை இன்றும் போதுமானது: கற்பவரைத் தயார்செய்தல், செய்துகாட்டுதல், அவரையே செய்யவைத்தல், பிறகு தொடர்ந்து கவனித்தல். இவற்றில் இரண்டாம் படியின் ஒரு பகுதியை மட்டும் கணினி ஏற்றுக்கொள்ளும். மற்ற மூன்றுக்கும் லைனில் ஓர் ஆள் வேண்டும். கணினி வந்துவிட்டது என்பதற்காக அந்த ஆளை எடுத்துவிடுவது, பயிற்சியையே எடுத்துவிடுவதற்குச் சமம்.

முதலில் டேமேஜ் பதிவேட்டைத் திறக்கவும்

மென்பொருள் வாங்குவதிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் மென்பொருளோடு நின்றுவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம், இறுதி செக்கிங்கில் எழுதி வைக்கப்படும் டேமேஜ் பதிவேடு. கடந்த நான்கு வாரப் பதிவுகளை எடுத்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது, தையல் பிரிந்தது, பாட்டம் மடிப்பு ஏற்ற இறக்கம், ஷேடு (நிறச்சாயல்) மாற்றம் எனக் குறைகளை வகைவகையாக எண்ணிப் பார்த்தால், இரண்டு மூன்று வகைகளே மொத்தத்தில் பெரும்பங்கைப் பிடித்திருப்பது தெரியும். அவற்றில் செக்கிங் மேசையைத் தாண்டிச் சென்று, பேக்கிங்கிலோ பையரின் (ஆர்டர் கொடுத்து ஆடை வாங்கும் நிறுவனத்தின்) ஆய்விலோ பிடிபட்டது எது என்பதே நமக்கு வேண்டிய விவரம்.

ஒரு குறை தப்பிச் செல்வதன் விலை என்ன என்பதைப் பயிற்சியை வடிவமைப்பவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பையர்கள், மாதிரி பீஸ்களை எடுத்துப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2859-1 தரநிலையின் அட்டவணைப்படி ஆய்வு செய்கிறார்கள். 3,000 பீஸ் கொண்ட ஒரு லாட்டில் (ஒரே தொகுதியாக ஆய்வுக்கு வரும் சரக்கில்), வழக்கமான இரண்டாம் ஆய்வு நிலையில் 125 பீஸ்கள் எடுக்கப்படும், பெருங்குறைக்கான ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) அளவு 2.5 என்றால், அந்த 125-இல் 7 பீஸ் வரை குறை இருந்தால் லாட் தேறும், 8 ஆனால் மொத்த லாட்டும் திரும்பும். அந்த எட்டாவது பீஸைத் தன் மேசையிலேயே பிடித்து நிறுத்தும் ஆற்றலைத்தான் செக்கிங் தொழிலாளிக்கு நாம் கொடுக்கப் போகிறோம். இந்தக் கணக்கை அவருக்கும் சொல்லிவிடுவது நல்லது. பல கம்பெனிகளில் இதை மேலாளர் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

குறையைத் தேர்ந்தெடுத்தபின் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தத் தொழிலாளி அவசரமின்றி, நல்ல வெளிச்சத்தில், முழுக் கவனத்தோடு பார்த்தால் அந்தக் குறையைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் அவருக்குப் பயிற்சி தேவையில்லை. குழல்விளக்கு மங்கியிருக்கலாம், மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கு மிகுதியாக இருக்கலாம், பீஸ் ரேட் (பீஸ் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) வேகத்துக்கு மட்டும் கூலி கொடுப்பதாக இருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் பாடம் நடத்தினால், பாடம் முடிந்த மறுநாளும் அதே டேமேஜ் அதே வழியில் வெளியேறும். நிதானமாகப் பார்த்தபோதும் இது குறையா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை என்றால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படங்களைச் சேகரித்தல்

இந்தப் பயிற்சியில் அதிக உழைப்பைக் கேட்பது படங்களைச் சேகரிப்பதுதான். இணையத்தில் கிடைக்கும் குறைப் படங்கள் பயன்படா. அவை வேறு துணி, வேறு தையல், வேறு தரம். உங்கள் கம்பெனியில் உங்கள் மெஷினில் உருவான டேமேஜ் பீஸ்களையே படமெடுக்க வேண்டும். சாதாரண கைப்பேசிக் கேமரா போதும். ஆனால் எல்லாப் படங்களும் ஒரே மேசையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். குறையை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தோடு, முழு பீஸும் தெரியும் படத்தையும் எடுத்து வைக்கவும். செக்கிங் தொழிலாளி பார்ப்பது முழு பீஸைத்தான். அதில் குறையைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவர் வேலை. நெருக்கப் படத்தை மட்டும் காட்டினால், தேடும் வேலையை நாமே செய்து கொடுத்தவர்களாகிறோம்.

ஒவ்வொரு குறைக்கும் மூன்று விதமான படங்கள் வேண்டும்: யார் பார்த்தாலும் டேமேஜ் என்று சொல்லக்கூடியது, எல்லைக்கோட்டில் நிற்பது, குறைபோலத் தோன்றினாலும் குறையல்லாதது. முதல் வகையைச் சேகரிப்பது எளிது, அதனாலேயே அதன் பயனும் குறைவு. பெரிய ஓட்டையைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம். ஊசி பட்டு ஒரே ஒரு லூப் அறுந்து, இழுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் நீடில் கட், உள்பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம், மார்புப் பகுதியில் இருந்தால் கூடாது என்கிற சிறு கறை, துவைத்தால் போய்விடும் சாக்பீஸ் கோடு ஆகியவற்றில்தான் பாடம் இருக்கிறது.

சேகரித்த படங்களைத் தர மேலாளரிடமும், அனுபவமுள்ள இரண்டு செக்கிங் தொழிலாளர்களிடமும் தனித்தனியாகக் காட்டி, ஏற்பது, ரீவொர்க் (திருத்தக் கொடுப்பது), ரிஜெக்ட் (ஒதுக்குவது) என்ற மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லவும். மூவரும் ஒரே விடை சொன்ன படங்கள் நேராகப் பயிற்சிக்குள் போகலாம். விடை மாறுபட்டவற்றை ஒதுக்கி வைத்து, பையரின் தரக் கையேட்டையும் அங்கீகரிக்கப்பட்ட சாம்பிளையும் எதிரே வைத்துக்கொண்டு பேசித் தீர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பல கம்பெனிகளுக்கு ஓர் உண்மை தெரியவரும்: தொழிலாளர்கள் குழம்பவில்லை, கம்பெனியிடமே ஒரு முடிவு இல்லை. கணினி எதுவும் வாங்காமல் இதோடு நிறுத்திக்கொண்டாலும் செய்த வேலை வீணாகாது.

ஷேடு மாற்றத்தை மட்டும் திரையில் கற்பிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். கைப்பேசிக் கேமராவும் தானாக நிறத்தைத் திருத்திவிடும். ஷேடு பார்ப்பதற்கு லைட் பாக்ஸும், பையர் சொல்லும் டி65 (பகல் வெளிச்சத்தை ஒத்தது) போன்ற ஒளியும், கையில் பிடித்துப் பார்க்கத் துணித் துண்டுகளும்தான் வழி. துணியின் கனம், தொடும்போது தெரியும் மென்மை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

கேள்விகளே பாடம்

கணினிவழிப் பயிற்சி என்றவுடன் பெரும்பாலோர் நினைப்பது நீண்ட வீடியோவும் அதன் முடிவில் ஐந்து கேள்விகளும். என் கருத்தில் இந்த அளவை அப்படியே திருப்பிப்போட வேண்டும்: இரண்டு நிமிட விளக்கம், அதன்பின் முப்பது கேள்விகள். செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்தவுடன் எடுக்கும் மதிப்பெண்ணை நம்பி மகிழ்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி என்பது வரையறை கேட்பதாக இருக்கக் கூடாது. 'பெருங்குறை என்றால் என்ன' என்ற கேள்விக்குச் சரியாக விடை சொல்பவர் மேசையில் தவறலாம். சொல்லத் தெரியாதவர் மேசையில் சரியாகப் பிரிக்கலாம். திரையில் ஒரு பீஸின் படம் தோன்ற வேண்டும். அதன்கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பொத்தான்கள், ஏற்பதற்கும் ரீவொர்க்குக்கும் ரிஜெக்ட்டுக்கும். தொழிலாளி ஒன்றைத் தொட்டவுடன், சரியா தவறா என்பதோடு காரணமும் குரலில் வர வேண்டும்: 'கறை பாட்டம் மடிப்பின் உள்பக்கம் இருக்கிறது, வெளியே தெரியாது, இந்த பையர் இதை ஏற்கிறார்.' தவறென்று மட்டும் சொல்லிக் காரணம் சொல்லாத கணினி, திட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் சூப்பர்வைசரைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல.

பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இதில் உண்டு. பயிற்சிக் கேள்விகளில் பத்துக்கு ஒன்பது டேமேஜ் பீஸாக இருந்தால், தொழிலாளி சந்தேகம் வந்ததையெல்லாம் ஒதுக்கப் பழகிவிடுவார். உண்மையில் அவர் மேசைக்கு வரும் பீஸ்களில் பெரும்பாலானவை நல்லவை. ஆகவே கேள்விகளிலும் பாதிக்கு மேல் நல்ல பீஸ்களாக இருக்க வேண்டும். அதேபோல், மொத்த மதிப்பெண் ஒன்றை மட்டும் பார்க்காமல், குறையைத் தவறவிட்டது எத்தனை, நல்லதைக் குறையென்று ஒதுக்கியது எத்தனை என்று இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். 30-க்கு 26 வாங்கிய இருவரில், ஒருவர் நான்கு டேமேஜைத் தவறவிட்டவராகவும் மற்றவர் நான்கு நல்ல பீஸை ஒதுக்கியவராகவும் இருக்கலாம். முதலாமவரால் லாட் திரும்பும். இரண்டாமவரால் ரீவொர்க் செலவு கூடும். இருவருக்கும் தேவையான அடுத்த பாடம் ஒன்றல்ல.

தவறிய கேள்விகள் அன்றே மீண்டும் வர வேண்டும். பிறகு மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இடைவெளி விட்டு ஐந்தைந்து கேள்விகளாக வர வேண்டும். நேர வரம்பை முதல் நாளே வைக்க வேண்டாம். விடைகள் சரியாக வரத் தொடங்கியபின், மேசையில் ஒரு பீஸுக்குக் கிடைக்கும் அளவுக்குக் காலத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

மொழியும் குரலும்

விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் அதையே குரலாகவும் ஒருங்கே கொடுப்பது உதவும் என்று தோன்றும். படமும் குரலும் இருக்கும்போது அதே சொற்களை முழுமையாக எழுத்திலும் காட்டினால் கற்பவரின் கவனம் சிதறுகிறது என்று ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே படமும் குரலும் முதன்மையாக இருக்கட்டும். எழுத்து, குறையின் பெயர் அளவுக்கு இருந்தால் போதும். எழுத்துப் பழக்கம் குறைந்த தொழிலாளர்களுக்கும் இதுவே ஏற்றது.

அந்தப் பெயர், லைனில் வழங்கும் பெயராக இருக்க வேண்டும். 'நூல் நுனி எச்சம்' என்று திரையில் எழுதிவிட்டு, லைனில் 'பிசிறு' என்று கூப்பிட்டால் கற்பவருக்கு இரண்டும் இருவேறு குறைகள். ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களும் மேசையில் இந்தச் சொற்களையே கேட்கப் போகிறார்கள் என்பதால், விளக்கம் அவர்கள் மொழியில் இருந்தாலும் குறையின் பெயரை மாற்றாமல் விடுவது நல்லது. குரலை, கம்பெனியிலேயே வேலை செய்யும் அந்தந்த மொழிக்காரர் ஒருவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவுசெய்யலாம். மெஷின் நின்றபின், காற்றாடியை நிறுத்திவிட்டு, துணி அடுக்கிய அறையில் பதிவு செய்தால் எதிரொலி இருக்காது. பதிவை அதே மொழி பேசும் இன்னொருவரிடம் போட்டுக்காட்டி, என்ன புரிந்தது என்று அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வதே மொழிபெயர்ப்புச் சோதனை. தமிழ் எழுத்துகளை யூனிகோடிலேயே தட்டச்சு செய்யவும், பழைய டி.டி.பி. எழுத்துருவில் செய்தவை டேப்லெட்டில் வெறும் குறியீடுகளாகத் தோன்றும்.

மென்பொருளும் கருவியும்

முதல் பாடத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். கூகுள் ஃபார்ம்ஸில் படமும் மூன்று விடைகளும் வைத்து, விடைக்கான விளக்கத்தையும் சேர்த்து, ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அது வேலை செய்கிறது என்று தெரிந்தபின், மூடில் என்ற திறந்த மூலப் பயிற்சி மென்பொருளுக்கு மாறலாம். மார்ட்டின் டோஜியமாஸ் உருவாக்கி 2002-இல் முதற்பதிப்பு வெளிவந்த இந்த மென்பொருள் இலவசமானது. தமிழ் இடைமுகமும் உண்டு. இதன் வினா வங்கியில் படங்களைக் குறைவாரியாகச் சேர்த்து வைத்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கேள்விகளை அதுவே எடுத்துக் கொடுக்கும். எனவே பக்கத்தில் இருப்பவரின் விடையைப் பார்த்துத் தொடுவது பயனற்றதாகிவிடும். இணைய இணைப்பு சரியாக இல்லாத இடங்களில் அலுவலகக் கணினி ஒன்றிலேயே மூடிலை நிறுவி, உள் வைஃபை வழியாக டேப்லெட்டுகளை இணைத்துக்கொள்ளலாம். மின்வெட்டு நேரத்தில் டேப்லெட் தொடர்ந்து ஓடும் என்றாலும், அந்தக் கணினிக்கும் வைஃபைக்கும் யு.பி.எஸ். இருந்தால்தான் பயன்.

பெரும்பாலான தொழிலாளர்களிடம் மின்னஞ்சல் முகவரி இருக்காது. பணியாளர் எண்ணையே பயனர் பெயராகவும், எண்களால் ஆன எளிய கடவுச்சொல்லையும் வைத்து, எல்லோரையும் ஒரே சி.எஸ்.வி. (அட்டவணைக்) கோப்பில் பதிவேற்றிவிடலாம். மின்னஞ்சல் கட்டத்தை நிரப்பக் கம்பெனியின் முகவரியை அடிப்படையாகக் கொண்டு ஆளுக்கொன்று அமைத்துக்கொள்ளலாம்.

வெளியாரிடம் பாடம் செய்து வாங்குவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளை எழுதி வாங்கவும். பாடம் ஸ்கார்ம் தரநிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் பின்னர் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் அதை எடுத்துச் செல்ல முடியும். படம், குரல், எழுத்து ஆகிய மூலக் கோப்புகளும் உங்கள் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் ஒரு படத்தை மாற்றுவதற்கும் ஒவ்வொரு முறையும் பணம் கட்ட நேரிடும்.

நேரம், கூலி, சூப்பர்வைசர்

பயிற்சி நேரம் வேலை நேரமே. இதைத் தெளிவாக அறிவிக்காத எந்தத் திட்டமும் ஓரிரு வாரத்துக்குமேல் நடப்பதில்லை. ஷிப்ட் கூலிக்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குத் திரைமுன் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அவருடைய சராசரி வருமானத்தைக் கணக்கிட்டு, பயிற்சி நேரத்துக்கு அதையே கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்தபின், பஸ்ஸுக்கு ஓட வேண்டிய நேரத்தில் உட்காரவைத்தால், படத்தைப் பார்க்காமலேயே பொத்தானை அழுத்துவார்கள். காலை லைன் தொடங்கும்போது பத்து நிமிடம், அல்லது ஸ்டைல் (தைக்கும் ஆடையின் வடிவம்) மாறும்போது மெஷின் செட்டிங் நடக்கும் இடைவெளி, இவையே பொருத்தமான நேரங்கள்.

தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் முன் லைன் சூப்பர்வைசர்களை உட்காரவைக்க வேண்டும், அதுவும் மாணவர்களாக அல்ல, திருத்துபவர்களாக. 'இந்தப் படத்துக்கு இந்த விடை சரியில்லை' என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் பாடத்தைச் செம்மையாக்கும். பாடம் தங்களுடையது என்ற எண்ணமும் அவர்களுக்கு வரும். இதைச் செய்யாவிட்டால், கணினியில் ஒதுக்கச் சொன்ன பீஸை லைனில் 'பரவாயில்லை, அனுப்பு' என்று சூப்பர்வைசர் சொல்வார். தொழிலாளி நம்பப்போவது கணினியை அல்ல, தமக்கு வேலை கொடுப்பவரைத்தான்.

முதல் முயற்சியை ஐந்து பேரோடு நடத்தவும். அவர்களில் ஒருவராவது தொடுதிரையே பழகாத மூத்தவராக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, உதவாமல், பேசாமல், அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளவும். தயக்கம் குறையைப் பற்றியதா, பொத்தானைப் பற்றியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பொத்தானைப் பற்றியதென்றால் திருத்த வேண்டியது திரையை. பொத்தான் பழகுவதற்கென்றே மதிப்பெண் இல்லாத சில படங்களைத் தொடக்கத்தில் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

பலன் கிடைத்ததா

1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரைகளிலிருந்து பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, கம்பெனிக்குப் பயன் உண்டா. முதல் நிலைக்கான கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'நன்றாக இருந்தது' என்றே எழுதுவார்கள். அதில் காலத்தைச் செலவிட வேண்டாம். இரண்டாம் நிலையை மென்பொருளே காட்டும்.

மூன்றாம் நிலைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. அறுபது பீஸ்களை எடுத்து, அவற்றில் எவை எவை டேமேஜ் என்று தர மேலாளர் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, வெளியே தெரியாத அடையாள எண்ணிட்டு, பயிற்சிக்கு முன் ஒருமுறையும் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் தொழிலாளியிடம் செக்கிங்குக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு முறையும் பீஸ்கள் வேறாக இருக்கட்டும், குறைகளின் வகையும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். இது திரையில் எடுத்த மதிப்பெண் அல்ல, கையில் துணியோடு எடுத்தது.

நான்காம் நிலையில் அவசரப்பட்டால் ஏமாறுவோம். பயிற்சிக்குப் பின் டேமேஜ் குறைந்தது என்றால், அது பயிற்சியால் குறைந்ததா, ஸ்டைல் எளிதாக மாறியதால் குறைந்ததா என்று சொல்ல முடியாது. ஒரே ஸ்டைல் ஓடும் இரண்டு லைன்களில் ஒன்றுக்கு மட்டும் முதலில் பயிற்சி கொடுத்து, இரண்டையும் சில வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு மற்ற லைனுக்கும் கொடுப்பதே நேர்மையான வழி. கேள்விகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியை நீக்கிவிடலாம். அனுபவசாலிகளே தவறும் கேள்வியில், படமோ விடையோ பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மதிப்பெண்கள் கூலியைக் குறைக்கவோ ஆளை நிறுத்தவோ பயன்படா என்று எழுத்தில் சொல்லிவிடுவது அவசியம். அந்த அச்சம் வந்தால், தெரிந்தவர் ஒருவர் எல்லோருக்காகவும் உட்கார்ந்து விடை தொடுவார். அறிக்கை அழகாக இருக்கும், லைனில் ஒன்றும் மாறியிருக்காது.

சட்டமும் ஆடிட்டும் கேட்கும் பயிற்சிகள்

தீப்பாதுகாப்பு, ரசாயனங்களைக் கையாளுதல், உடைந்த ஊசி நடைமுறை, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஆகியவற்றையும் இதே மென்பொருளில் வைக்கலாம். யார், எந்தத் தேதியில், எந்த மொழியில் முடித்தார் என்ற பதிவு ஆடிட்டருக்கு உடனே கிடைக்கும். அந்த வசதிதான் ஆபத்தும். 'அடுத்து, அடுத்து' என்று தட்டி முடித்த சான்றிதழ் ஒரு தீயை அணைக்காது. படிக்கட்டில் இறங்கி ஒன்றுகூடும் இடத்துக்கு வந்து சேரும் ஒத்திகையைத் தவிர்க்கக் கணினிப் பாடத்தைக் காரணம் காட்டக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளையும் பயிலரங்குகளையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்துவதை வேலை கொடுப்பவரின் கடமையாக வைக்கிறது. சட்டத்தின் விவரங்களையும் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயர்களையும் தாய்மொழிக் குரலில் கேட்கச் செய்ய கணினி மிகவும் உதவும். அதன்பின் பெண் தொழிலாளர்கள் குழு உறுப்பினர் ஒருவரிடம் நேரில், சூப்பர்வைசர் இல்லாத அறையில், கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும்.

உடைந்த ஊசி நடைமுறை, கணினிக்கு மிகப் பொருத்தமான பாடம். ஊசி உடைந்தது, இரண்டு துண்டு கிடைத்தது, நுனி கிடைக்கவில்லை, அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு போகலாம்: மெஷினை நிறுத்துவது, அந்த இடத்திலுள்ள பீஸ்களைத் தனியே வைப்பது, மெட்டல் டிடெக்டருக்கு அனுப்புவது, கிடைத்த துண்டுகளைப் பதிவேட்டில் ஒட்டுவது. குழந்தைகள் ஆடை செய்யும் கம்பெனிகள் செக்கிங் பாடத்துக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.

ஒவ்வொரு பாடத்தின் முதல் திரையிலும் அது எந்த பையரின் எந்தக் கையேட்டுப் பதிப்பை ஒட்டியது என்பதையும், கடைசியாகத் திருத்திய தேதியையும் குறிப்பிட வேண்டும். பையர் கையேட்டை மாற்றி அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும், பையரோடு தொடர்பில் இருக்கும் மெர்ச்சண்டைசரோடு நின்றுவிடுகிறது. அது பாடத்தைப் பராமரிப்பவருக்கும் போய்ச் சேரும்படி ஒருவரைப் பெயர்சொல்லிப் பொறுப்பாக்கவும். புதிய வகை டேமேஜ் பீஸ் ஒன்று மேசைக்கு வந்தால், அதைக் கட்டிங் வேஸ்ட்டோடு போடாமல் படமெடுத்து வினா வங்கியில் சேர்ப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், தர மேலாளரோடு உட்கார்ந்து பழைய படங்களை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்துவிட்டால், அடுத்த சீசனுக்குப் புதியவர்கள் வந்து சேரும்போது பாடம் தயாராக இருக்கும்.